நெமெஸ்: கிரீடமும் இல்லை, தலைப்பாகையும் இல்லை

பழைய எகிப்தின் காஃப்ரே மன்னனின் சிலையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் 'கிரீடம் அணிந்து அரியணையில் அமர்ந்திருக்கிறான்' என்று எழுதிவிடுகிறார்கள். துட்டன்காமனின் தங்க முகமூடிக்கும் அதே கிரீடம்தான். இரண்டிலும் கிரீடமே இல்லை. தலையில் இருப்பது துணி. அதன் பெயர் நெமெஸ்.

பழைய எகிப்தியச் சொல் இது. அந்த எழுத்தில் உயிரொலிகளைக் குறிக்கும் வழக்கம் இல்லை. ந, ம, ஸ என்ற மெய்கள் மட்டுமே கிடைக்கின்றன, நடுவில் வரும் எகரம் அறிஞர்கள் சேர்த்தது. நெற்றியை இறுக்கிப் பிடித்து, காதுகளுக்குப் பின்னால் அகன்று, இரண்டு பட்டைகளாக மார்பில் இறங்கும் துணி. பின்புறம் ஒன்றாகச் சேர்த்து வால் போல் கட்டியிருக்கும்.

இதைக் கிரீடம் என்றால் என்ன கெடுகிறது? எகிப்திய அரசர்களுக்கு முடிகள் தனியாகவே இருந்தன. தெற்கே மேல் எகிப்துக்கு வெண்முடி, வடக்கே நைல் கழிமுகத்துக்குச் செம்முடி, இரண்டையும் ஆள்பவனுக்கு இரட்டை முடி. அபு சிம்பெலில் மலையைக் குடைந்த இரண்டாம் ராம்சேஸ் சிலைகளைப் பாருங்கள். கீழே நெமெஸ், அதன்மேல் இரட்டை முடி. நெமெஸும் கிரீடம் என்றால் அங்கே கிரீடத்தின் மேல் கிரீடமா? நெற்றியில் நாகம் இருக்கிறதே என்று சிலர் 'நாகக் கிரீடம்' என்கிறார்கள். நாகம் தனிச் சின்னம், முடியிலும் வரும், துணியிலும் வரும்.

'தலைப்பாகை' இன்னும் மோசம். பாகை சுற்றிக் கட்டுவது, முண்டாசும் அப்படியே. நெமெஸில் சுற்றே கிடையாது. முக்காடு வடிவத்தில் கொஞ்சம் நெருங்கி வரும். ஆனால் வெட்கத்தையும் துக்கத்தையும் சுமக்கும் சொல்லை அரசன் தலையில் போட முடியாது.

காஃப்ரே சிலையில் இது வெறும் அலங்காரமும் இல்லை. 1860-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெட் கீசாவின் பள்ளத்தாக்குக் கோயிலில் கண்டெடுத்த அந்தச் சிலை, மிகக் கடினமான கல்லில் செதுக்கியது. நெமெஸின் பட்டைகள் தலைக்கும் தோளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைக் கல்லாலேயே நிரப்புகின்றன. அதனால் கழுத்து மெலிந்து நிற்கவில்லை. பின்னால் ஹோரஸ் கடவுளின் வல்லூறு சிறகு விரித்து அணைப்பது இந்தத் துணியைத்தான். அங்கே ஓர் உயர்ந்த முடியை வைத்துப் பாருங்கள், கண் மேலே ஓடிவிடும், வல்லூறுக்கும் தலைக்கும் உள்ள நெருக்கம் போய்விடும். 'கிரீடம்' என்று படித்த வாசகர் இதை எப்படிக் கவனிப்பார்?

ஆங்கிலத்தில் தலையில் அணியும் எதற்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு. மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்க்காமல் அகராதியைப் பார்க்கிறார், அரசன் என்றதும் கிரீடம் வந்துவிடுகிறது. இப்படித்தான் இடுப்பில் கட்டிய மடிப்பு ஆடையும் 'பாவாடை' ஆகிறது. படத்தை ஒரு நிமிடம் பார்த்தால் போதும், இந்தப் பிழை வராது.

சரி, என்ன எழுதலாம்? நான் தலைத்துகில் என்பேன். துகில் நம் பழைய சொல், மெல்லிய நல்ல துணியைக் குறிப்பது. எகிப்தியர் ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணிக்கும் அது பொருந்தும். முதல் தடவை 'நெமெஸ் என்னும் தலைத்துகில்' என்று எழுதிவிட்டு, அப்புறம் தலைத்துகில் என்றே தொடரலாம். முடி, கிரீடம் என்ற சொற்களை ராம்சேஸின் இரட்டை முடி போன்றவற்றுக்கு விட்டுவைக்கலாம்.