மாட்டுத் தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை

உசிலம்பட்டிப் பக்கம் என் சித்தப்பா வீட்டுச் செவலைப் பசு இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு ஓயாமல் கத்தியது. குரல் கட்டிப்போய், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பனங்கொட்டையோ பாலிதீன் பையோ தொண்டையில் அடைத்திருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு முழங்கை வரை மாட்டின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் கால்நடை மருத்துவர் வந்தார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் சத்தம் போட்டார்: "அண்ணே, மொதல்ல கைய வெளிய எடுங்க!"

அண்ணனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மாட்டின் பல் பட்டு விரலில் இரண்டு கீறல். அப்புறம்தான் சித்தியிடம் கேட்டார்: "ரெண்டு மூணு மாசத்துக்குள்ள நாய் எதுவும் கடிச்சுச்சாம்மா?"

"தீவாளிக்கு முன்னாடி ஒரு கருப்பு நாய் கொட்டத்துக்குள்ள வந்து மூக்குல கடிச்சுட்டு ஓடுச்சு சார். லேசாத்தான் பல்லு பட்டிருந்துச்சு. மஞ்சளக் குழைச்சு வச்சு விட்டோம்."

அப்போது தை பிறந்திருந்தது. இரண்டரை மாதம்.

வெறிநோய், அதாவது ரேபிஸ், என்றால் நாய்க்கும் மனிதனுக்கும் மட்டும் வருவது என்ற நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஆடு, மாடு, பூனை, குதிரை, பன்றி என்று பாலூட்டி எதையும் இந்த வைரஸ் விட்டுவைக்காது. மாட்டுக்கு வந்தால் சில சமயம் முட்ட வரும். பல சமயம் வராது. தொண்டையையும் தாடையையும் அசைக்கிற நரம்புகள் செயலிழந்து, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். பார்க்கிறவர்களுக்கு அது தொண்டை அடைப்பு போலவே தெரியும். அந்த எச்சிலில்தான் வைரஸ் இருக்கிறது. உதவி செய்கிறேன் என்று போகிறவர் அதிலேயே கையை விடுகிறார்.

இரண்டரை மாதம் அந்த வைரஸ் எங்கே இருந்தது? கடித்த இடத்தில் தசைக்குள் இறங்கி, தசையும் நரம்பும் சேரும் முனையில் ஒட்டிக்கொண்டு, நரம்பிழைக்குள் நுழைந்துவிடும். நரம்பிழைக்குள் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் புரத மோட்டார்கள் உண்டு. அவற்றில் தொற்றிக்கொண்டு மூளையை நோக்கிப் பயணம். ஒரு நாளைக்குச் சுமார் 12 மில்லிமீட்டரிலிருந்து 100 மில்லிமீட்டர் வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பு தசையிலேயே வாரக்கணக்கில் தங்கியும் இருக்கலாம். மூளையை அடைந்து பெருகியபின், அங்கிருந்து வேறு நரம்புகள் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. அடுத்த கடிக்கு அதுதான் முதலீடு.

மருத்துவரிடம் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி: "ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்லீற முடியாதா சார்?" முடியாது. காரணம் அந்தப் பயணப் பாதையிலேயே இருக்கிறது. வைரஸ் நரம்புக்குள்ளேயே போவதால் ரத்தத்தில் தேடினால் அகப்படாது. நரம்புக்குள் ஒளிந்திருப்பதால் உடம்பின் காவல் படைக்கும் அது வந்ததே தெரிவதில்லை. கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் உருவாவதற்குள் காரியம் முடிந்துவிடும். எச்சிலில் வைரஸ் விட்டு விட்டுத்தான் வரும். ஒரு முறை பார்த்து இல்லையென்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் விலங்குகளில் வெறிநோயை உறுதி செய்ய ஒரே இடம்தான்: மூளை. அதுவும் செத்த பிறகு.

பசு மூன்றாம் நாள் காலை இறந்தது. மருத்துவர் இரண்டடுக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். அவரும் உதவியாளரும் ஏற்கெனவே தடுப்பூசி போட்டவர்கள். போடாதவர்கள் இந்த வேலைக்குக் கிட்டவே போகக்கூடாது. கோடாரியால் மண்டையைப் பிளப்பார்கள் என்று நான் நினைத்தேன். தேவையே இல்லை. தலையும் கழுத்தும் சேரும் மூட்டைப் பிரித்தால், தண்டுவடம் மூளைக்குள் நுழைகிற ஓட்டை மண்டையோட்டின் பின்புறம் தெரியும். அதன் வழியாக நீளக் கரண்டி மாதிரியான கருவியை விட்டு, மூளைத்தண்டையும் சிறுமூளையில் கொஞ்சமும் எடுத்துவிட்டார். நாய்க்கும் ஆட்டுக்கும் இன்னும் எளிது: அதே ஓட்டையில், இளநீர்க் கடையில் கொடுக்கிற ஸ்ட்ரா போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கண்ணை நோக்கிச் செருகித் திருகினால், மூளையின் பல பகுதிகள் வரிசையாகக் குழாய்க்குள் ஏறிவிடும். எலும்புத் தூள் பறக்காது, எடுக்கிறவருக்கும் ஆபத்து குறைவு.

மூளைத்தண்டு ஏன்? உடம்பிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புப் பாதைகள் அங்கேதான் வந்து குவிகின்றன. பெரிய விலங்குகளில் வைரஸ் மூளையின் ஒரு பக்கம் மட்டும் பரவியிருப்பதும் உண்டு. இடது பக்கம் மட்டும் கிள்ளி அனுப்பி, வைரஸ் வலது பக்கம் இருந்தால் 'நோய் இல்லை' என்று தவறான பதில் வரும். அதனால் மூளைத்தண்டைக் குறுக்கே முழுசாக, இரண்டு பக்கமும் வரும்படி வெட்டி எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். வெறிநாய் என்றதும் நாலு பேர் கட்டையோடு கிளம்பி, முதல் அடியை மண்டையில்தான் போடுவார்கள். சிதைந்த மூளையில் எது மூளைத்தண்டு, எது சிறுமூளை என்று யாரும் பிரித்தறிய முடியாது. அடுத்த பிழை, உடல் உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்புவது. அதில் ஊறிய திசுவை வழக்கமான சோதனை முறையில் பார்க்க முடியாது. ஐஸ் போதும். ஐஸ் கிடைக்காத ஊராக இருந்தால் 50 சதவீதக் கிளிசரின் கலந்த உப்புக் கரைசல். எங்கள் பசு தை மாதத்தில் செத்ததால் பிழைத்தோம் என்று சொல்ல வேண்டும்; சித்திரை வெயிலில் மதுரையில் மூளை அரை நாளில் கூழாகிவிடும். கூழான மூளையில் வைரஸ் தெரிந்தால் அது உண்மைதான். தெரியவில்லை என்றால் அந்தப் பதிலை நம்ப முடியாது.

தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, மூன்று அடுக்குப் பொதிவில், ராத்திரியோடு ராத்திரியாக அந்த மூளைத் துண்டு சென்னைக்குப் போனது. ஆய்வகத்தில் நடக்கிற சோதனைக்கு நேரடி ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை என்று பெயர். 1958இல் கோல்ட்வாசர், கிஸ்லிங் என்ற இருவர் கொண்டுவந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் இன்றும் அடிப்படையாக வைத்திருப்பது அதைத்தான். மூளைத் துண்டின் வெட்டு முகத்தில் கண்ணாடி ஸ்லைடை ஒற்றி எடுக்கிறார்கள். காயவைத்து, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் அசிட்டோனுக்குள் வைத்துத் திசுவைக் கண்ணாடியோடு பிடிக்க வைக்கிறார்கள். அதன்மேல் ஒரு சொட்டு. அந்தச் சொட்டில்தான் வித்தை. வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதில் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு ஒளிரும் சாயம் கட்டப்பட்டிருக்கும். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவுகிறார்கள். வைரஸ் இல்லையென்றால் எதிர்ப்பொருளுக்குப் பிடிமானம் கிடையாது, கழுவும்போதே போய்விடும். இருந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நீல ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் அதைப் பார்க்க வேண்டும். திருப்பரங்குன்றம் மலைமேல் ஏறி இருட்டில் மதுரையைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் கறுப்புக்கு நடுவே ஆப்பிள் பச்சை நிறத்தில் புள்ளிகள். சில இடத்தில் தூசி மாதிரி, சில இடத்தில் முட்டை வடிவத்தில் பெரிதாக. கூடவே, நோய் உள்ளதென்று ஏற்கெனவே தெரிந்த ஸ்லைடு ஒன்றும், இல்லாத ஸ்லைடு ஒன்றும் அதே தட்டில் சோதனைக்குப் போகும். அவை இரண்டும் சரியான பதில் சொன்னால்தான் நம் ஸ்லைடின் பதிலுக்கு மதிப்பு. மாதிரி நல்லபடியாக வந்தால் சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்பதும் சுவையான கதை. 1903இல் இத்தாலியில் அடெல்கி நெக்ரி, வெறிநோயில் செத்த விலங்குகளின் மூளைச் செல்களுக்குள் சிவப்பாகச் சாயமேறும் உருண்டைகளைக் கண்டார். நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி இதுதான் என்று நம்பினார். அது தவறு, அவை வைரஸ் உற்பத்தியாகும் பட்டறைகள். ஆனாலும் உருண்டை தெரிந்தால் வெறிநோய் என்பது சரிதான். காரணத்தைத் தப்பாகச் சொன்னவர் அடையாளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போனார். சிக்கல் என்னவென்றால், நோய் உள்ள மூளைகளிலும் கணிசமானவற்றில் அந்த உருண்டை தென்படாது. சந்தேகம் வந்தால் சுண்டெலியின் மூளைக்குள் மாதிரியை ஊசியால் ஏற்றி 28 நாள் வரை காத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்துக்கு கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் செல்களும், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையும் வந்துவிட்டன.

அட்டைக் கிட் ஒன்றும் சந்தையில் இருக்கிறது, கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரி. கோடு விழுந்தால் பயன் உண்டு. விழாவிட்டால் அதை வைத்து நிம்மதி அடையக்கூடாது. எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒன்று: ஒளிரும் சாயத்துக்குப் பதில் செந்நிறப் படிவை உண்டாக்கும் முறை. சாதாரண நுண்ணோக்கியே போதும், விலையுயர்ந்த ஒளிர்வுக் கருவி வேண்டாம். மதுரை போன்ற ஒவ்வொரு மாவட்டத்திலும் இதைச் செய்ய முடிந்தால், பெட்டி சென்னை வரை சுமார் 460 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

சரி, முடிவு வருவதற்குள் அந்த அண்ணன் என்ன செய்தார்? காத்திருக்கவில்லை. கீறலில் எச்சில் பட்டாலே கடும் கடிக்குச் சமம். அன்று மாலையே மதுரைக்கு வந்து, கீறலைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருளும் முதல் தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். ஆய்வக முடிவு வரட்டும் என்று மனிதனுக்கு ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. 'நாயைப் பத்து நாள் பார்' என்ற விதியையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கிய நாய் பத்து நாளைத் தாண்டி உயிரோடு நலமாக இருக்காது. அதனால் பத்தாம் நாள் நன்றாக இருக்கும் நாய் கடித்த அன்று நோயைக் கொடுத்திருக்க முடியாது. அப்போது மருத்துவர் சொன்னால் மீதி ஊசியை நிறுத்தலாம். தொடங்குவது முதல் நாளே. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயமும் இப்போது வேண்டாம். ஆட்டு மூளையில் தயாரான அந்தப் பழைய மருந்தை 2005 வாக்கிலேயே நம் நாட்டில் நிறுத்தியாயிற்று. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் 0, 3, 7, 28ஆம் நாள்.

அப்படியென்றால் ஆய்வக முடிவு யாருக்காக? ஊருக்காக. போனில் 'பாசிட்டிவ்' என்று வந்த மறுநாளே கொட்டத்தில் மீதியிருந்த இரண்டு மாடுகளுக்கும் ஊசி தொடங்கியது. அந்த நாய் அவற்றையும் கடித்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடிபட்ட கால்நடைக்கு 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தவணை. காய்ச்சாத பால் யார் குடித்தார்கள் என்று விசாரித்தார்கள். காய்ச்சினால் வைரஸ் செத்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் பச்சைப்பால் குடிப்பதில்லை, தப்பித்தோம்.

கருப்பு நாயைத் தேடி இளைஞர்கள் கிளம்பினார்கள். தீபாவளிக்குக் கடித்த நாய் தையில் எப்படி இருக்கும்? அது பத்து நாளுக்குள் எங்கேயோ செத்துப்போயிருக்கும். ஆனால் அது வேறு எந்த நாயைக் கடித்தது என்பதுதான் கேள்வி. இருக்கிற நாய்களைக் கொல்லலாம் என்றும் பேச்சு வந்தது. கொன்றால் காலியான இடத்துக்குப் பக்கத்து ஊர் நாயும் புதுக் குட்டிகளும் வந்துவிடும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்காது. வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக ஒன்றிரண்டு நாய்களுக்குத்தான் நோயைக் கொடுக்கிறது. அந்த ஒன்றிரண்டுக்கும் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் சங்கிலி அறுந்துவிடும். நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் போட வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். ஆண்டு முழுக்கப் பிறக்கிற குட்டிகளால் விகிதம் குறைந்துகொண்டே போவதால் இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். கோவா அதைச் செய்து காட்டியது: நாய் வெறிநோய் மளமளவென்று குறைந்து, 2021இல் வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலமாக அறிவித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் முகாம் போட்ட அன்று சித்தப்பா தெருவில் நாய்களை எண்ணினோம்: 23. சாயங்காலத்துக்குள் ஊசி போட்டு நெற்றியில் பச்சைச் சாயம் தடவியது 14. எழுபது சதவீதத்துக்கு இன்னும் மூன்று வேண்டும். மறுநாள் காலை டீக்கடை வாசலில் பன்னைப் பிய்த்துப் போட்டு இரண்டைப் பிடித்தாயிற்று. மூன்றாவது, ஆள் சத்தம் கேட்டாலே கரும்புக் காட்டுக்குள் ஓடிவிடும் ஒரு தாய் நாய். விரலில் கட்டோடு நின்ற அந்த அண்ணன்தான், ரேஷன் கடைக்குப் பின்னால் அது குட்டி போட்டிருக்கும் இடம் தனக்குத் தெரியும் என்று முன்னால் நடந்தார்.