மெனோபாஸ்: நிறுத்தியது யார்?

பெண்ணுக்கு ஏழு பருவம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் இலக்கணம் எழுதியவர்கள் ஒவ்வொன்றுக்கும் வயதுகூடப் போட்டு வைத்தார்கள். கடைசிப் பருவமான பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என்பது பரவலான கணக்கு. 40-க்கு அப்புறம்? ஒன்றும் இல்லை, பட்டியலே அங்கே முடிந்துவிடுகிறது. பூப்படைந்ததில் தொடங்கிய உடம்பு அதற்கடுத்த பெரிய மாற்றத்துக்குத் தயாராகிற வயதும் ஏறக்குறைய அதுதான், அதற்குப் பெயர் வைக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

மாதவிடாய் நின்றுபோகிற அந்த மாற்றத்தை அதனால் இப்போது ‘மெனோபாஸ்’ என்கிறோம். கொஞ்ச காலமாக ‘பெரிமெனோபாஸ்’ என்ற சொல்லும் காதில் விழுகிறது. அதைக் கேட்டு “அது என்ன, பெரிய மெனோபாஸா?” என்று என் அக்கா கேட்டாள். சிரித்துவிட்டேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அனுபவத்தில் பெரியது அதுதான்.

முதலில் சொல்லின் பிறப்பு. இதை உருவாக்கியவர் சார்லஸ் பியர் லூயி த கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1810-களில் கொஞ்சம் நீளமாக ஒரு சொல்லைக் கட்டினார், 1821-ல் அதைச் சுருக்கி ‘மெனொபோஸ்’ ஆக்கினார், ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்கு முன் பிரெஞ்சு மருத்துவர்கள் ‘நெருக்கடி வயது’ என்ற பொருளில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கார்தான் பயன்படுத்திய வேர்கள் இரண்டும் கிரேக்கம். ‘மேன்’ என்றால் மாதம், ‘பௌசிஸ்’ என்றால் நின்றுபோதல். அந்த ‘மேன்’, நிலவைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. வடமொழி ‘மாஸ’வும் அதே குடும்பம், அதிலிருந்துதான் நம் மாசமும் மாதமும். ஆக ‘மெனோ’வும் ‘மாதவிடாய்’ என்பதில் வரும் ‘மாத’மும் தூரத்துச் சொந்தக்காரர்கள். தமிழுக்கு அந்த உறவு தேவைகூட இல்லை, நமக்கு நிலவும் திங்கள்தான், மாதமும் திங்கள்தான்.

‘பாஸ்’ என்ற பாதிதான் குழப்புகிறது. ஆங்கிலத்தில் இன்று அந்த ஒலியைக் கேட்டால் வீடியோவைச் சற்றே நிறுத்தி வைக்கிற பொத்தான் ஞாபகம் வரும், மறுபடி அழுத்தினால் ஓடும் என்பது போல. இது மறுபடி ஓடாது.

மருத்துவ இலக்கணப்படி மெனோபாஸ் என்பது ஒரு காலகட்டமே இல்லை, ஒரு நாள். கடைசி மாதவிடாய். அதுவும் வருகிற அன்று இதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது, தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் “ஓ, போன வருஷம் வந்ததுதான் கடைசி போல” என்று பின்னோக்கிச் சொல்ல முடியும். பதினோராம் மாதத்தில் எட்டிப் பார்த்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. பெரும்பாலோருக்கு இது 45-க்கும் 55-க்கும் நடுவே எங்கோ விழுகிறது. 40-க்கு முன்பே சினைப்பைகள் செயலிழந்தால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம், வயதுக்கு முந்திய ஒன்று.

‘பெரி’ என்பது ‘சுற்றி’. பெரிஸ்கோப்பில் இருப்பது அதே பெரிதான். வடமொழியின் ‘பரி’யும் அதன் உடன்பிறப்பு, பரிவாரம் என்றால் சூழ்ந்து நிற்பவர்கள் அல்லவா? எனவே பெரிமெனோபாஸ் என்றால் அந்தக் கடைசி நாளைச் சூழ்ந்த காலம். முன்னால் உள்ள ஆண்டுகள் மட்டும் இல்லை, பின்னால் வரும் முதல் ஓராண்டும் அதில் சேரும். ‘மாதவிடாய் நிறுத்தத்துக்கு முந்தைய காலம்’ என்று தமிழில் எழுதும்போது அந்த ஓராண்டு தவறிப்போகிறது. ‘பிரீ’ என்றால்தான் முன், ‘பெரி’ என்றால் சுற்றி. ஒலி கொஞ்சம்தான் மாறுகிறது, பொருள் போய்விடுகிறது.

அது எப்போது தொடங்குகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 2001-ல் ஆய்வாளர்கள் கூடி நிலைகளை வகுத்தார்கள், பத்தாண்டு கழித்துத் திருத்தினார்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் நீளம் அடுத்தடுத்த மாதங்களில் ஏழு நாளோ அதற்கு மேலோ மாறத் தொடங்கி, அந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்தால் அது மெனோபாஸை நோக்கிய மாற்றத்தின் முன்பகுதி. 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விட்டால் பின்பகுதி. ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்தால் தெளிவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 45-ஐத் தாண்டியவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் இந்தக் காலத்தில் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போவதில்லை. ஏறுகிறது, சரிகிறது, சில மாதம் முன்பைவிட அதிகமாகவே ஏறுகிறது. சில சுழற்சிகளில் கருமுட்டை வெளிவருவதில்லை, அப்போது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்காமல் கருப்பையின் உள்படலம் தடித்து, வருகிற மாதம் கொட்டித் தீர்க்கிறது. இன்றைக்கு எடுத்த அளவு நாளைக்கு இருக்காது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். செய்தித்தாளிலும் மருத்துவக் குறிப்புகளிலும் இருப்பது ‘மாதவிடாய் நிறுத்தம்’. எனக்கு இதில் நெடுநாள் சண்டை. நில் என்பது தன்வினை, நிறுத்து என்பது பிறவினை. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றிலும் நிறுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். மாதவிடாயை நிறுத்தியது யார்? அது தானாக நிற்கிறது. பேச்சில் எந்தப் பெண்ணும் ‘நிறுத்தம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை, “எனக்கு நின்னுபோச்சு” என்றுதான் சொல்வார்கள். படிக்காத பாட்டியும் தன்வினையைச் சரியாகப் போடுகிறாள், எழுதப் போனால்தான் பிழை வருகிறது.

ஆனால் ஓரிடத்தில் ‘நிறுத்தம்’ நூற்றுக்கு நூறு பொருந்தும். இரண்டு சினைப்பைகளையும் அறுவையில் எடுத்துவிட்டால் நிஜமாகவே ஒருவர் நிறுத்துகிறார், ஒரே நாளில். ஆண்டுக்கணக்கில் தள்ளாடி இறங்க வேண்டிய ஹார்மோன் ஒரேயடியாக விழுவதால் அந்தப் பெண்களுக்குத் தொந்தரவுகள் பெரும்பாலும் திடீரென்றும் கடுமையாகவும் வரும். கருப்பையை மட்டும் எடுத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ரத்தப்போக்கு நின்றுவிடும், சினைப்பைகள் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், எண்ணுவதற்கு மாதவிடாயே இல்லாததால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ‘மாதவிடாய் நின்றது’ என்பதும் ‘மெனோபாஸ்’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சரி, ‘விடாய்’? தாகம், களைப்பு என்பவை அகராதிப் பொருள்கள். தொல்காப்பியக் கற்பியலில் வருவது ‘பூப்பு’. ‘மாதவிலக்கு’ என்பதில் விலக்கி வைத்தல் இருக்கிறது, எனக்கு அது வேண்டாம். களைப்பைச் சொல்கிற விடாயே உடம்புக்கு நேர்மையான சொல்.

என் விருப்பம் ‘ஓய்தல்’. மழை ஓய்கிறது என்கிறோமே, அந்த ஓய்தல். யாரும் நிறுத்துவதில்லை, சட்டென்று முடிவதும் இல்லை. விட்டு விட்டுத் தூறி, நின்றது என்று குடையை மடக்கியதும் சடசடவென்று அடித்து, பிறகு எப்போதோ ஓய்ந்திருக்கும். இந்த வினையில் காலமும் தானாக வந்துவிடுகிறது. பெரிமெனோபாஸ் மாதவிடாய் ஓயும் காலம், மெனோபாஸ் மாதவிடாய் ஓய்தல், அதற்குப் பின் உள்ளது ஓய்ந்த காலம். ‘ஓய்வு’ என்று சுருக்கலாமே என்று ஒரு தோழி சொன்னாள். ‘மாதவிடாய் ஓய்வு’ என்றால் மாதவிடாய் நாட்களில் எடுக்கிற விடுப்பு என்று அர்த்தமாகிவிடும், அதனால் ஓய்தலோடு நின்றுகொள்கிறேன். கடைசி மாதவிடாய்க்குப் பிந்திய ஓராண்டு ஓயும் காலத்தில் எப்படிச் சேரும் என்று கேட்டால், ஓய்ந்துவிட்டதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமும் ஓயும் நேரம்தானே.

தூவானம் விடாத கதையும் இதில் உண்டு. மழை விட்டாலும் தூவானம் விடவில்லை என்பார்களே, மாதவிடாய் ஓய்ந்த பிறகும் தொந்தரவுகள் ஓய்வதில்லை, எவ்வளவு காலம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அமெரிக்காவில் 1990-களில் தொடங்கிய ‘ஸ்வான்’ ஆய்வு ஐந்து இனக்குழுக்களைச் சேர்ந்த 3,302 பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2015-ல் வெளியான கணக்குப்படி, உடல் திடீரென்று சூடேறி வியர்க்கிற தொந்தரவு அடிக்கடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதோ மாற்றத்தின் முன்பகுதியிலோ தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் 11.8 ஆண்டுகளைத் தாண்டினார்கள், கடைசி மாதவிடாய்க்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு அந்த நடு அளவு 3.4 தான். கறுப்பினப் பெண்களுக்கு அது 10.1 ஆண்டு, ஜப்பானிய வழிப் பெண்களுக்கு 4.8. ஒரே நாடு, ஒரே கேள்வித்தாள், இரண்டு மடங்கு வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு “எல்லாருக்கும் வர்றதுதானே, ரெண்டு வருஷத்துல சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

ஜப்பானில் இதற்குச் சொல் ‘கோனென்கி’, புதுப்படுகிற அல்லது மாறுகிற ஆண்டுகளின் காலம் என்று பொருள். ரத்தம் நிற்பதைப் பற்றி அந்தச் சொல் பேசவே இல்லை. மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் 1980-களில் அங்கே பெண்களிடம் கேட்டபோது, வட அமெரிக்கப் பெண்களைவிட மிகக் குறைவானவர்களே சூடேறுவதைச் சொன்னார்கள், தோள் இறுக்கத்தை நிறையப் பேர் சொன்னார்கள். உடம்பு வேறா, சாப்பாடு வேறா, சொல் இல்லாததால் கவனிக்கவில்லையா என்று எல்லாரும் வாதாடினார்கள். எனக்குத் தோன்றுவது, சொல் இல்லாவிட்டால் தொந்தரவு இல்லாமல் போகாது, ஆனால் கேட்கிறவரிடம் போய்ச் சேராது.

தமிழில் அந்தச் சிக்கல் தலைகீழ். ‘ஹாட் ஃப்ளஷ்’ என்பதற்கு வெப்பப் பாய்ச்சல், சூட்டு அலை என்றெல்லாம் எழுதுகிறார்கள். பெண்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: குப்பென்று. “குப்புனு ஏறுது, குப்புனு வேர்க்குது.” நெஞ்சிலிருந்து முகத்துக்கு வருகிற வேகமும் எதிர்பாராமையும் அந்த ஒலிக்குறிப்பிலேயே இருக்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தில் பொறுத்துக்கொள்கிற இடைவெளி ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சுருங்குகிறது, துளி ஏறினாலும் ஆபத்து என்று தோல் ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. இந்தச் சூட்டைக் கிளப்புகிற நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கிற, ஹார்மோன் அல்லாத ஃபெஸோலினெட்டன்ட் மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி கொடுத்தது. ‘குப்பென்ற சூடு’ என்று எழுதினால் அகராதி ஒன்றும் இடிந்துவிடாது.

கவனிக்க வேண்டிய சொல் ‘எரிச்சல்’. தமிழில் தோல் எரிந்தாலும் எரிச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிந்தாலும் எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கத்தத் தோன்றினாலும் எரிச்சல். மூன்றும் இந்தக் காலத்தில் வரக்கூடியவை. “எரிச்சலா இருக்கு டாக்டர்” என்று நான் ஒரு முறை சொன்னபோது அவர் மனநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார், நான் சொன்னது பிறப்புறுப்பு வறட்சியால் வந்த எரிச்சல். வெட்கத்தில் திருத்தவும் இல்லை. குப்பென்ற சூடு காலப்போக்கில் குறையலாம், ஆனால் இந்த வறட்சி கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் தானாகக் குறைவதில்லை, கூடவே செய்யும். ஆகவே எங்கே எரிச்சல் என்று சொல்லிவிடுங்கள். ‘படபடப்பு’ம் அப்படித்தான், இதயத் துடிப்பா பதற்றமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறும் அதே படபடப்பைத் தரும், எல்லாவற்றையும் வயசு மேல் போட்டுவிட முடியாது.

என் அக்காவுக்கு 44-ல் தொடங்கியது, இரவில் தலையணை நனையும் அளவுக்கு. எனக்கு அந்தச் சூடு வந்ததே நாலைந்து முறைதான். எனக்கு வந்ததெல்லாம் அதிகாலை மூன்று மணிக்கு முழிப்பு, தோள் மூட்டு வலி, பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிற சொற்கள் (சொல் விளக்கம் எழுதுகிறவளுக்கு இது கொஞ்சம் அதிகமான தண்டனை). அம்மா தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிறாள். தாய்க்கு எந்த வயதில் ஓய்ந்ததோ மகளுக்கும் ஏறக்குறைய அப்போதே ஓயலாம், புகைப்பவர்களுக்குச் சற்று முன்னதாக ஓயும் என்பதெல்லாம் வயதைப் பற்றிய கணக்குகள். ஓயும் காலம் எப்படி இருக்கும் என்பதை அம்மாவை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு இப்போது 57. ஓயும் காலம், ஓய்தல், ஓய்ந்த காலம் என்று நான் போட்ட சொற்களை அவளிடம் படித்துக் காட்டினேன். முதல் இரண்டும் சரி என்றாள். “ஓய்ந்த காலம்னு யார் சொன்னது? நேத்து ராத்திரிகூட குப்புனு ஏறுச்சு.” ரத்தப்போக்கு ஏதாவது மறுபடி தெரிந்ததா என்று கேட்டேன், ஓய்ந்து ஓராண்டுக்குப் பின் துளி தெரிந்தாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும் என்பதால். அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைக்கப் போனாள்.