"மேய விடுற கோழியா?" – சந்தைல இந்தக் கேள்விய ஏன் கேக்குறாங்க

ஊர்ப்பக்கம் வாரச்சந்தைல நாட்டுக்கோழி முட்டை வாங்குறவங்க, பக்கத்துலயே நாமக்கல் வெள்ள முட்டை கம்மி வெலைக்கு இருந்தாலும் அத விட்டுட்டு, "எந்த ஊரு, மேய விடுற கோழியா"ன்னு விக்கிறவங்கள தோண்டித் துருவி கேப்பாங்க. ஏன் முட்டையப் பாக்காம ஆளப் பாக்குறாங்க? ஏன்னா முட்டைய பாத்து அதக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஓட்டு நிறத்த எடுத்துக்கங்க. ஓடு உருவாகுற கடைசி கட்டத்துல புரோட்டோபார்ஃபிரின்னு ஒரு நிறமி மேல படியுது, அதான் பழுப்பு. அது கோழியோட இனத்த பொறுத்தது, கூண்டுல வளந்ததா தோட்டத்துல வளந்ததாங்கறத அது சொல்லாது. இதுல வெள்ள முட்டைக்கு டீத்தூள் சாயம் ஏத்தி நாட்டு முட்டைன்னு விக்கிற கூத்து வேற நடக்குது.

சரி, மஞ்சக்கரு? கோழியால அந்த நிறத்த சொந்தமா தயாரிக்க முடியாது, கீரை, புல்லு, மஞ்ச சோளம் இதுல இருக்குற லூட்டீன் மாதிரி நிறமிய தின்னாத்தான் கருவுல சேரும். அதனால மேயுற கோழிக்கு கரு நல்லா ஆரஞ்சா வரும், ஆனா தீவனத்துல செண்டுப்பூ சாறு கலந்தா கூண்டுக்கோழிக்கும் அதே கலர் வந்துரும். எந்த கலர் வேணும்னு பாத்து தீவனம் கலக்குறதுக்கே நம்பர் போட்ட கலர் அட்டை வச்சிருக்காங்க!

கறி அப்படி இல்ல, வாயில வச்சா நாட்டுக்கோழியா பிராய்லரான்னு தெரிஞ்சுரும். பிராய்லர சுமார் ஆறு வாரத்துல வெட்டிருவாங்க, நாட்டுக்கோழி மாசக்கணக்குல ஓடித்திரிஞ்சு வளருது, வயசாக வயசாக சதைய இழுத்துப் பிடிச்சு வைக்கிற கொலாஜன்ங்கற புரத இழைகளுக்கு நடுவுல பிணைப்பு இறுகிக்கிட்டே போகும், அதான் அந்தக் கறி வேக அவ்ளோ நேரம் ஆகுது.

ஆனா எப்படி வளத்தாங்கங்கறது தின்ன பிறகும் தெரியாத விஷயம். இந்த மாதிரி சரக்குல வாங்குறவன் நம்பிக்கைய வச்சுத்தான் வாங்கணும்னு 1973லயே டார்பி, கார்னின்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க எழுதிட்டாங்க. டவுன்ல அந்த நம்பிக்கைய லேபிள் பாத்து வைக்கிறாங்க, ஊர்ல விக்கிற அக்கா யாரு வீட்டு மருமகள்னு தெரிஞ்சுக்கிட்டு வைக்கிறாங்க. ஏமாத்துனா அடுத்த வாரமும் அதே சந்தைக்குத்தான வரணும்.

சத்து விஷயத்துல புரதம் ரெண்டுலயும் பெருசா வித்தியாசம் இல்ல, வெயில்ல திரியுற கோழி முட்டைல வைட்டமின் டி கூடுதலா இருக்கும், அது நெசம். அதே நேரம் கோழி மண்ணக் கிளறித் தின்னுறதால, குப்பை எரிக்கிற எடத்துல மேஞ்சா அங்க இருக்குற ஈயம், டயாக்சின் மாதிரி நச்சுப்பொருள் எல்லாம் முட்டைக்கு வந்துரும். மேயுதான்னு கேக்குறவங்க எங்க மேயுதுன்னும் சேத்து கேட்டுக்கலாம்.