மஞ்சள் எத்தனை விநாடி எரிய வேண்டும்?

கேரளத்தின் கஞ்சிக்கோட்டிலிருந்து கோவைக்குத் தினமும் பைக்கில் போய்வரும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். “மஞ்சள் விழுந்ததும் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் லாரி ஏறிவிடுமோ என்று பயம். பிடிக்காமல் போனால் பாதி ஜங்ஷனில் சிவப்பு விழுந்துவிடுகிறது. தப்பு என் மேலா, சிக்னல் மேலா?” இது முதல் கேள்வி. “கம்பம் முழுக்க ஒளிப்பட்டை வைத்த புது சிக்னல்கள் ஊருக்கு அழகாக இருக்கின்றனவே, பாதுகாப்புக்கும் நல்லவையா?” இது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பத்தாம் வகுப்பு இயற்பியலே பதில் சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. மஞ்சளைக் கண்டு, முடிவெடுத்து, காலோ கையோ பிரேக்குக்குப் போக 1 விநாடி என்று வைப்பது வழக்கம். அதிலேயே 16.7 மீட்டர் போய்விடும். பிறகு ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைந்தால், நிற்க இன்னொரு 46 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 63 மீட்டர். மஞ்சள் விழும்போது நிறுத்தக் கோட்டுக்கு 63 மீட்டருக்குள் இருப்பவரால் பதறாமல் நிற்க முடியாது.

சரி, நிற்க முடியாதவர் போய்விடலாமா? மஞ்சள் 3 விநாடி எரிந்தால் அதற்குள் 50 மீட்டர் போகலாம். 2 விநாடி என்றால் 33 மீட்டர்தான். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மஞ்சள் 2 விநாடி உள்ள சிக்னலில், கோட்டிலிருந்து 33 மீட்டருக்கும் 63 மீட்டருக்கும் நடுவே இருப்பவரால் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டை எட்டவும் முடியாது. இதை இரண்டுங்கெட்டான் தூரம் என்று சொல்லலாம். அந்த 30 மீட்டருக்குள் மாட்டிய ஓட்டுநர் சட்டத்தை மதிப்பவராக இருந்தாலும், அனுபவசாலியாக இருந்தாலும், சிவப்பைத் தாண்டுவார் அல்லது பிரேக்கை அமுக்கிப் பின்னால் வருபவரிடம் இடி வாங்குவார். வாசகருக்கு நேரடியான பதில்: பெரும்பாலும் தப்பு சிக்னலின் நேரக் கணக்கில்தான்.

இந்தத் தூரத்தை முழுவதுமாகத் துடைத்துவிட முடியும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நிற்கத் தேவையான தூரமும் மஞ்சளுக்குள் போகக்கூடிய தூரமும் சமமாக இருக்கட்டும் என்று சமன்பாடு எழுதி, இரு பக்கமும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது இவ்வளவுதான்: மஞ்சள் நேரம் = 1 விநாடி + வேகம் ÷ (2 × வேகம் குறையும் வீதம்). 60 கிலோமீட்டருக்கு 1 + 16.7 ÷ 6, அதாவது 3.8 விநாடி. அப்போது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இரண்டில் ஒரு வழி கட்டாயம் இருக்கும்.

1960இல் இந்தக் கணக்கை முறையாக எழுதியவர்கள் டெனோஸ் காஸிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மரடுடின் ஆகியோர். ஹெர்மனும் காஸிஸும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆய்வாளர்கள். அதே ஹெர்மன்தான் 1948இல் ரால்ப் ஆல்ஃபருடன் சேர்ந்து, பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் இன்றும் சுமார் 5 கெல்வினில் பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும் என்று கணித்தவர். பிரபஞ்சத்தின் வெப்பநிலையைக் கணக்கிட்ட மனிதர் தெருமுனையின் மஞ்சள் விளக்கையும் தன் தகுதிக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை.

கணக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் மட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்ற மின்னணுவியலாளர், திரும்பும் வண்டிகளுக்கு இந்தச் சூத்திரம் போதாது என்று காட்டினார். திரும்புகிறவர் வேகத்தைத் தணித்துக்கொண்டே வருவதால் கோட்டை எட்ட அதிக நேரம் எடுக்கும். உரிமம் இல்லாமல் பொறியியல் பேசுகிறார் என்று மாநில வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது. அது அவருடைய பேச்சுரிமையை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது. 2020இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் சங்கம் தன் வழிகாட்டுதலையே மாற்றிக்கொண்டது.

நம் எல்லைச் சாலைக்கு வருவோம். தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையார் வழியாக வருவதில் பெரும்பங்கு சரக்கு லாரி. பாரம் ஏற்றிய லாரி நிதானமாக நிற்கும்போது ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர்தான் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்திலேயே அதற்கு 4.5 விநாடி மஞ்சள் வேண்டும். மேம்பாலத்திலிருந்து இறங்கும் 3 சதவீதச் சரிவில் புவியீர்ப்பு எதிராக வேலை செய்வதால் 5 விநாடி தேவை. கார்களை மனதில் வைத்து 3 விநாடி என்று எங்கும் ஒரே அளவைப் பூட்டிவிட்டால், இரண்டுங்கெட்டான் தூரத்தில் மாட்டுவது எப்போதும் லாரியாகவே இருக்கும்.

மஞ்சளை நீட்டினால் ஆட்கள் அதையும் பழகிக்கொண்டு பச்சையைப் போலவே பாவிப்பார்கள் என்ற எதிர்வாதம் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனாலும் தேவைக்குக் குறைவாக இருந்த மஞ்சளை ஒரு விநாடி அளவுக்கு நீட்டிப் பார்த்த ஆய்வுகளில் சிவப்பைத் தாண்டுவது குறைந்தது. பழகிய பிறகும் பலன் முழுதாக மறையவில்லை. வரம்பில்லாமல் நீட்டக் கூடாது. அமெரிக்க விதி 3 முதல் 6 விநாடி வரை என்கிறது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் அங்கே குறைக்க வேண்டியது வண்டிகளின் வேகம்.

மஞ்சளுக்குப் பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் ஓரிரு விநாடிகளும் முக்கியம். கடைசி நொடியில் கோட்டைத் தாண்டிய 12 மீட்டர் லாரி, 24 மீட்டர் அகல ஜங்ஷனைக் கடக்க 36 மீட்டர் போக வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 2.6 விநாடி. இந்த இடைவெளியைச் சேமிப்பதாக நினைத்து வெட்டிவிடும் ஜங்ஷன்களில்தான் பக்கவாட்டு மோதல் நடக்கும். டைமரில் சிவப்பு 3 என்று காட்டும்போதே கிளம்பும் பைக் நேராக அந்த லாரியின் முன் போய் நிற்கும். இறங்கு எண் காட்டும் டைமரைச் சிவப்புக்கு வைப்பதால் கிளம்பும் தாமதம் குறைகிறது, இன்ஜினை அணைத்து வைக்கவும் உதவுகிறது. பச்சைக்கு வைத்தால் கடைசி 5 எண்ணைக் கண்டவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறார். வைத்தே ஆக வேண்டும் என்றால் சிவப்புக்கு மட்டும், அதுவும் கடைசிச் சில எண்களை மறைத்து வைப்பதே என் தேர்வு.

அடிக்கடி விபத்து நடக்கும் முக்கில் அமாவாசைக்கும் ஆயுத பூஜைக்கும் பூசணிக்காய் உடைப்பது எல்லைக்கு இந்தப் பக்கத் தமிழர்களிடமும் உண்டு. செத்தவர்களை நினைத்து வரும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிதறிய சதையில் டூவீலர் வழுக்குவதுதான் அதன் நிச்சயமான விளைவு. அந்த முக்கில் கெட்டது இருக்கிறது என்றால், அது சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தப்பாகப் போட்ட ஓர் எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இனி அழகு. சிவப்பு மேலே, மஞ்சள் நடுவே, பச்சை கீழே என்ற வரிசை அலங்காரம் இல்லை. ஆண்களில் நூற்றில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவர்கள் விளக்கின் இடத்தைப் பார்த்தே ஓட்டுகிறார்கள். சிக்னல் பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்திருப்பதும் இவர்களுக்காகவே. கம்பம் முழுக்க ஒரே நிறத்தில் எரியும் ஒளிப்பட்டையில் மேல், நடு, கீழ் என்ற அடையாளமே இல்லாமல் போகிறது. பெரிய லாரிக்குப் பின்னால் நிற்பவருக்குப் பட்டை தெரிகிறது என்பது அதன் உண்மையான நன்மை. ஆனால் அதைத் தனி வயரில் இணைத்தால் இன்னோர் ஆபத்தும் சேரும். நல்ல கன்ட்ரோலருக்குள், எதிரெதிர் திசைகளுக்கு ஒரே சமயம் பச்சை போனால் உடனே எல்லாவற்றையும் மினுக்கும் நிலைக்குத் தள்ளும் காவல் அட்டை ஒன்று உண்டு. அது தனக்குள் வரும் வயர்களை மட்டுமே கவனிக்கும். பட்டை அதற்கு வெளியே இருந்தால், விளக்கு சிவப்பும் பட்டை பச்சையும் காட்டினாலும் அதற்குத் தெரியாது.

பட்டைக்குச் செலவிடும் பணத்தில் ஒவ்வொரு விளக்குப் பெட்டிக்கும் பின்னால் மங்கலான கறுப்புத் தகடு பொருத்தலாம். வாளையாரிலிருந்து பாலக்காடு நோக்கிச் சாலை மேற்கே, சற்றுத் தெற்கே சாய்ந்து போகிறது. மார்கழி மாலையில் சூரியன் ஏறக்குறைய அதே நேர்க்கோட்டில் இறங்கும். கண் கூசும் அந்த வெளிச்சத்தில் தகடு இல்லாத விளக்கு கரைந்துபோகும். தகட்டின் ஓரத்தில் ஒளி பிரதிபலிக்கும் மஞ்சள் பட்டி ஒட்டினால் இரவிலும், கரண்ட் போனபோதும் சிக்னல் இருப்பது தெரியும். இந்தப் பட்டியோடு கூடிய தகட்டால் மொத்த விபத்து 15 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. சிக்னலுக்குப் பின்னால் நகைக்கடை ஃபிளெக்ஸும் மின்னும் எல்இடி பலகையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் தெருவும் அழகாகும், விளக்கும் தனித்துத் தெரியும்.

தகட்டை மாட்டும்போது பாலக்காட்டுக் கணவாயின் காற்றை மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் சாலையின் வழியே வீசும் காற்று, சாலைக்குக் குறுக்கே நீட்டியிருக்கும் கேன்டிலீவர் கையில் நேராக மோதும். கை சற்று மேலே அசைந்ததும் தகட்டில் காற்று படும் கோணம் மாறி, அசைவு போகிற திசையிலேயே இன்னும் தள்ளுகிறது. கீழே வரும்போதும் அப்படியே. வேகம் மாறாத காற்றிலும் கை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருப்பது இதனால்தான். வருடக்கணக்கில் ஆடினால், கையும் கம்பமும் சேரும் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழும். துளையிட்ட தகடு, கையின் நுனியில் கிடைமட்டமாகப் பொருத்தும் ஒரு தகடு, ஒவ்வொரு ஆடி மாதத்துக்குப் பிறகும் வெல்டிங்கையும் அடிபோல்ட்டையும் சோதிப்பது ஆகியவை மருந்து.

கோவையில் லாலி ரோடு போன்ற இடங்களில் சிக்னலையே எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வைத்தார்கள். வண்டிக்கு அது நல்ல தீர்வு. நடப்பவரை அதில் மறந்துவிடக் கூடாது. 14 மீட்டர் சாலையைக் கடக்க, தொடக்கத்துக்கு 7 விநாடியும் நடைக்கு விநாடிக்கு 1.2 மீட்டரும் வைத்தால் 19 விநாடி வரும். முதியவர்களுக்கு அதுவும் போதாது.

பாரம் ஏற்றிய நம் லாரிகள் நனைந்த சாலையில் எந்த வீதத்தில் நிற்கின்றன என்று இந்தச் சாலையிலேயே அளந்து பார்க்க ஒரு கேமராவும் நான்கு மாணவர்களும் போதும். கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் நாட்பேக் என்ற போக்குவரத்து ஆய்வு மையம் இருக்கிறது. ஒரு நுழைவு வளைவு கட்டும் செலவில் சிறு பங்கை அரசு இத்தகைய ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும்.

வாசகரும் அதுவரை காத்திருக்க வேண்டாம். பாதுகாப்பான ஓரத்தில் நின்று போனில் சிக்னலை வீடியோ எடுங்கள். விநாடிக்கு 30 படம் என்ற அமைப்பில், மஞ்சள் எரியும் படங்களை எண்ணி 30ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். பத்துச் சுற்று எடுங்கள். அந்தச் சாலையின் வேக வரம்பைச் சூத்திரத்தில் போட்டு, லாரிக்கும் காருக்கும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் நாள், நேரம், திசை, அளந்த விநாடி, தேவையான விநாடி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் போக்குவரத்துப் போலீஸிலும் நகராட்சியிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கன்ட்ரோலரில் அந்த எண்ணை மாற்றச் சில நிமிடம் போதும்.