தட்டினால் மணியோசை கேட்க வேண்டும்

ஃபோர்டு நிறுவனம் 1932-இல் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினைச் சாமானியர் வாங்கும் காரில் வைத்தது. பிரேக் மட்டும் பழையபடி இரும்புக் கம்பிகளால் இழுபட்டது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் ஃபோர்டு கார்களுக்கு 1939 மாடலில்தான் வந்தது. அதனால் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டுகளை வேகத்துக்காக மாற்றியமைத்த 'ஹாட் ராட்' பிரியர்கள், 1939 முதல் 1948 வரையான கார்களின் டிரம் பிரேக்குகளைக் காயலான் கடைகளில் தேடிக் கழற்றி வந்தார்கள். அந்தத் தேடல் இன்றும் நடக்கிறது.

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம். உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால், சக்கரத்திலுள்ள சிறு எண்ணெய் உருளையான வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் அவற்றை விரித்து டிரம்மின் உட்சுவரில் உரசவைக்கும். அழகான விஷயம் அடுத்து நடக்கிறது. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுக்கும். மறுமுனை அசையாத ஓர் ஆணியில் மாட்டியிருப்பதால் ஷூ நகர வழியின்றி, கதவடியில் செருகிய ஆப்புபோல இன்னும் இறுகும். கால் கொடுத்த விசையோடு சக்கரத்தின் விசையும் சேர்ந்துகொள்கிறது. பின் ஷூவுக்கு இந்த உதவி இல்லை. பெண்டிக்ஸ் வகையில் அந்தக் குறையும் தீர்ந்தது: அதில் முன் ஷூ நகர்ந்து, கீழ் இணைப்பின் வழியே பின் ஷூவையும் தள்ளி இறுக்கும். லிங்கன் கார்களிலிருந்த இந்த வகைக்கு ஹாட் ராட் உலகில் தனி மதிப்பு உண்டு.

ஆனால் இதே ஆப்புதான் ஆபத்தும். 1,000 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால், ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் சில நொடிகளில் பிரேக்குகளில் இறங்கும். சூட்டில் லைனிங்கின், அதாவது ஷூவின் மேல் பதித்த உராய்வுப் பட்டையின், உராய்வு குறையும். உராய்வை நம்பியே இறுகும் ஷூவின் பிடி அதைவிட வேகமாகக் குறையும். டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் பெடல் இன்னும் கீழே இறங்கும்.

எனவே பழைய டிரம்மில் முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்பதே. 12 அங்குல டிரம்மைக் கடைசலில் தேய்த்துத் தேய்த்து உள்விட்டம் 0.060 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 1.5 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. இந்த வரம்பு அந்தக் காலத்து டிரம்களில் பொறித்திருக்காது. நாமே பல இடங்களில் அளக்க வேண்டும். பிறகு கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல டிரம் மணிபோல ஒலிக்கும். மந்தமான ஓசை வந்தால் விரிசலைச் சந்தேகியுங்கள். அமெரிக்கக் காரான ப்யூக்கின் துடுப்புகள் கொண்ட அலுமினிய டிரம் கிடைத்தால் விடாதீர்கள்: உள்ளே வார்ப்பிரும்பு வளையம் உரசலைத் தாங்க, வெளியே அலுமினியம் வெப்பத்தை விரைந்து காற்றுக்குக் கடத்தும்.

ஒன்றைக் கெஞ்சியே சொல்கிறேன்: உள்ளிருக்கும் கருந்தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத் துடையுங்கள், தகுந்த முகக்கவசம் அணியுங்கள்.

வீல் சிலிண்டரைப் பெரும்பாலும் நம்ப முடியாது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதால் உட்சுவரில் துருக்குழிகள் விழும், அவை எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப்பைக் கிழிக்கும். புதியது போடலாம், அல்லது எவர்சில்வர் குழாய் செருகிச் சீரமைக்கலாம். டிரம்மைக் கடைந்திருந்தால் ஷூவின் வளைவையும் அதற்கேற்பத் தேய்க்க வேண்டும். இல்லையேல் லைனிங்கின் ஒரு பகுதி மட்டுமே சுவரைத் தொடும்.