27 சம்மதங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு முடிவு உருவாகும் விதம்

"ரஷ்யா மீது ஐரோப்பிய ஒன்றியம் புதிய தடை" என்று செய்தி ஒரே வரியில் வந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பின்னால் 27 நாடுகளின் சம்மதம் இருக்கிறது.

பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை 1993 நவம்பரில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையோடு நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான துறைகளில் 55 சதவீத நாடுகளும் மக்கள்தொகையில் 65 சதவீதமும் சேர்ந்தால் சட்டம் நிறைவேறிவிடும். வெளியுறவில் அது செல்லாது. மால்டா 'வேண்டாம்' என்றால் ஜெர்மனியின் 'வேண்டும்' நின்றுபோகும்.

ஒரு தடையின் பாதையைப் பார்ப்போம். உறுப்பு நாடோ, ஒன்றியத்தின் வெளியுறவு உயர் பிரதிநிதியோ முன்மொழிய வேண்டும். பிரஸ்ஸல்ஸில் உள்ள பணிக்குழு பெயர்களையும் காரணங்களையும் வரிவரியாக அலசும். அடுத்து 27 நாட்டுத் தூதர்களின் குழு. உண்மையான பேரம் இங்கேதான் நடக்கிறது. தூதர்கள் ஒத்துப்போய்விட்டால், அமைச்சர்கள் மன்றம் பல நேரங்களில் கூடாமலே எழுத்துமூலம் ஒப்புதல் தந்துவிடும்.

வெளியாவது இரண்டு ஆவணங்கள். முதலாவது அரசியல் முடிவு. இதற்கு அனைவரின் சம்மதமும் வேண்டும். இரண்டாவது, வங்கிகளையும் நிறுவனங்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம். இதற்குப் பெரும்பான்மை போதும், ஆனால் முதலாவது இல்லாமல் இது பிறக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் அரசிதழில் வரவேண்டும். இடைவெளி விட்டால், முடக்க வேண்டிய பணம் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

சிக்கல் எங்கே வரும்? 2020 ஆகஸ்டில் பெலாரூஸ் தேர்தலில் முறைகேடு நடந்தது. சைப்ரஸுக்குப் பெலாரூஸோடு எந்த வழக்கும் இல்லை. தன் கடல் பகுதியில் துளையிடும் துருக்கி மீது நடவடிக்கை வேண்டும் என்பதற்காகப் பெலாரூஸ் மீதான தடையை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 2-இல்தான் அது நிறைவேறியது. 2022-இல் ஹங்கேரி, குழாய் வழியாக வரும் ரஷ்ய எண்ணெய்க்கு விலக்கு கிடைத்த பிறகே ஆறாவது தடைத் தொகுப்புக்கு இணங்கியது.

வீட்டோவைவிட ஆபத்தானது காலாவதித் தேதி என்பது என் கருத்து. ரஷ்யாவின் வங்கி, எரிசக்தித் துறைகள் மீதான தடைகள் ஜனவரி 31, ஜூலை 31 தேதிகளில் காலாவதியாகும். அவற்றை ஒழிக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாடு நீட்டிப்புக்கு இணங்காமல் இருந்தாலே போதும். 2025 ஜனவரியில் ஹங்கேரி இணங்கியபோது கெடுவுக்கு நான்கே நாள் பாக்கி.

எதிர்க்கவும் மனமில்லை, ஆதரிக்கவும் முடியவில்லை என்றால் ஒதுங்கி நிற்க ஒரு வழி உண்டு. அப்படி ஒதுங்கும் நாட்டை முடிவு கட்டுப்படுத்தாது, ஆனால் அது குறுக்கே நிற்கவும் கூடாது. 2008-இல் கொசோவோவுக்கு ஒன்றியத்தின் குழுவை அனுப்பும் விஷயத்தில் சைப்ரஸ் இப்படி ஒதுங்கியது. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதில் ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா அதே வழியைப் பின்பற்றின. மூன்றில் ஒரு பங்கு மக்கள்தொகை கொண்ட மூன்றில் ஒரு பங்கு நாடுகள் ஒதுங்கினால் முடிவே விழுந்துவிடும்.

எல்லோரும் சம்மதித்த பிறகும் நீதிமன்றம் இருக்கிறது. தமிழர்களுக்குத் தெரிந்த வழக்கே இதற்குச் சான்று. 2006 மே மாதம் விடுதலைப் புலிகள் இயக்கம் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2011 முதல் 2014 வரை செய்யப்பட்ட நீட்டிப்புகளை 2014-இல் பொது நீதிமன்றம் ரத்துசெய்தது. 2017 ஜூலையில் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2009-இன் தோல்விக்குப் பிறகும் ஆபத்து நீடிக்கிறது என்பதற்கான ஆதாரத்தைக் காரண விளக்கத்தில் அமைச்சர்கள் மன்றம் காட்டவில்லை என்பதே குறை. இயக்கம் பயங்கரவாத அமைப்பா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. புதிய காரண விளக்கங்களோடு பெயர் பட்டியலில் தொடர்ந்தது.

படை விஷயத்தில் முட்டுக்கட்டை பணம். ராணுவ நடவடிக்கைச் செலவை ஒன்றிய பட்ஜெட்டில் எழுத உடன்படிக்கை அனுமதிப்பதில்லை. அதற்காக 2021-இல் தனி நிதி ஒன்றை அமைத்தார்கள். அந்த நிதியைத் தரவும் அனைவரின் சம்மதம் வேண்டும். உக்ரைனுக்கு ஆயுதம் தந்த நாடுகளுக்குத் திரும்பச் சேரவேண்டிய 600 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட தொகையை ஹங்கேரி முடக்கி வைத்தது. படை நடவடிக்கைகளில் அந்த நிதியும் பொதுவான செலவுகளை மட்டுமே ஏற்கும். வீரர்களின் சம்பளமும் பயணமும் பெரும்பாலும் படையை அனுப்பும் நாட்டின் தலையில்தான் விழும். ஆறு மாத முறை வைத்து, தலா 1,500 வீரர்களோடு தயார்நிலையில் நிற்கும் வகையில் போர்க்குழுக்கள் 2007-இல் முழுத் திறனோடு அறிவிக்கப்பட்டன. ஒருமுறைகூட அவை களத்துக்கு அனுப்பப்படாததற்கு இந்தச் செலவுக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம்.