கோர்ட் கெடு எப்போது நீளும், எப்போது நீளாது?

சிவில் வழக்கில் சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிரதிவாதி எதிருரை, அதாவது எழுத்து மூலமான பதில், தாக்கல் செய்ய வேண்டும். போதிய காரணம் இருந்தால் 90 நாள் வரை நீதிபதி அவகாசம் தரலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 8 விதி 1 சொல்வது இதுதான். ஆனால் மாவட்ட முன்சீப் கோர்ட்டில் 90 நாளைத் தாண்டி வந்த எதிருரையும் பல வழக்குகளில் ஏற்கப்படுகிறது. வணிக நீதிமன்றத்தில் அதே எதிருரை 121-ஆம் நாள் வந்தால் வாசலோடு சரி, கோப்பில் சேராது. ஒரே வகை ஆவணத்துக்கு ஏன் இந்த வேறுபாடு?

கெடு தவறினால் என்ன ஆகும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது. சாதாரண வழக்குகளுக்கான விதி 90 நாள் என்று சொல்லிவிட்டு அதோடு நிற்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. நடைமுறை விதி நீதிக்குத் துணையாக வந்தது, அது வழிகாட்டும் விதியே தவிர கதவை அடைக்கும் விதி அல்ல, அரிதான நேரங்களில் 90 நாளுக்குப் பிறகும் அனுமதிக்கலாம் என்றது. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இல் வந்தபோது நாடாளுமன்றம் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. 120 நாள் கடந்தால் எதிருரை தரும் உரிமையே போய்விடும், நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுக்கவும் கூடாது என்று அங்கே விளைவும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தந்த தீர்ப்பை எதிர்க்கும் மனுவும் இந்த வகைதான். மூன்று மாதம், காரணம் சொன்னால் மேலும் 30 நாள், 'அதற்குப் பிறகு இல்லை' என்று சட்ட வாசகமே முடித்துவிடுகிறது.

இவற்றைவிடக் கடினமான கெடு ஒன்று உண்டு. வழக்கே போடுவதற்கான கெடு. கேட்டபோது தருவதாக எழுதிக் கொடுத்த புரோநோட்டுக்கு, நோட்டின் தேதியிலிருந்து 3 ஆண்டு. ஒரு நாள் பிந்தினாலும் தாமத மன்னிப்பு கேட்க முடியாது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் மட்டும்தான் மன்னிப்பு தருகிறது. அசல் வழக்குக்குத் தருவதில்லை. எதிராளி இதைச் சொல்லாமல் விட்டாலும் நீதிபதி தாமாகவே வழக்கைத் தள்ள வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. ஊர்ப்பக்கம் விவரம் தெரிந்தவர்கள் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறு தொகையை வரவு எழுதி, கடன்காரரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்வது இதனால்தான். 3 ஆண்டு முடியும் முன் அந்தக் கையெழுத்து விழுந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். முடிந்த பிறகு விழுந்தால் இப்படிப் புதிய கெடு தொடங்காது.

இனி, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். பிரதிவாதி வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடுகிறது. அதை ரத்து செய்ய மனு போட 30 நாள். அதுவும் தவறினால் 5-ஆம் பிரிவின்படி ஒரு மனுவும் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தை 1998-இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளம் முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதுதான் முக்கியம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தக் கட்சிக்காரர் தன் வழக்கறிஞரை நம்பி ஏமாந்தவர். 2012-இல் இதற்கு நேர்மாறாக, 427 நாள் பிந்தி வந்த தபால் துறையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பதை அரசு இனிக் காரணமாகச் சொல்லக்கூடாது என்பது அதன் நிலை. என் பார்வையில் இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டுமே நாளை எண்ணவில்லை, காரணத்தைத்தான் எடை போட்டன.

ஆனால் நம் கோர்ட்டுகளில் தாக்கலாகும் பிரமாணப் பத்திரங்களில் காரணம் பெரும்பாலும் அச்சு வார்த்தையாகவே இருக்கிறது. 'மஞ்சள் காமாலை கண்டு நாட்டு வைத்தியம் எடுத்து வந்தேன்' என்ற வரி எத்தனையோ மனுக்களில் அப்படியே வருகிறது. உண்மையிலேயே காமாலையில் படுத்தவரின் மனுவும் இதனால் சந்தேகத்துக்கு ஆளாகிறது, அது பெரிய அநியாயம். எந்தத் தேதியில் என்ன நடந்தது, தீர்ப்பு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார், சீட்டோ ரசீதோ இருக்கிறதா என்று எழுதிய மனுவுக்குத்தான் பலம். மன்னிப்பு கிடைத்தாலும் எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டச் சொல்வது வழக்கம். காத்திருந்தவருக்கும் இழப்பு உண்டல்லவா?

மன்னிப்பே கேட்காமல் கெடு நீளும் வழியும் இருக்கிறது. கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள காலத்தைக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டது. அது அபூர்வம். எல்லா வழக்கிலும் நடப்பது, தீர்ப்பின் நகல் எடுக்க ஆகும் நாளைக் கழிக்கும் கணக்கு.

மார்ச் 1 அன்று தீர்ப்பு. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தீர்ப்பு நாளை விட்டுவிட்டு எண்ணினால் மார்ச் 31 கடைசி நாள். மார்ச் 8-இல் நகல் மனு போட்டு, 27-இல் நகல் தயாரானால் அந்த 20 நாளும் கழியும். கடைசி நாள் ஏப்ரல் 20. அன்று கோர்ட் விடுமுறை என்றால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். சான்றிட்ட நகலில் மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி எல்லாம் முத்திரையோடு குறிக்கப்பட்டிருக்கும். மேல்முறையீட்டு எண் தரும் குமாஸ்தா முதலில் பார்ப்பது அதைத்தான். கட்டணம் கட்டத் தாமதித்த நாளும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாளும் கழியாது. தீர்ப்பாணை (டிக்ரி) இன்னும் எழுதப்படவில்லையே என்று நகல் மனு போடாமல் காத்திருந்த நாட்களும் கழியாது, காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் விளக்கம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, நகல் மனுவைப் போட்டுவிடுங்கள்.